மூன்றாவது கருவி

லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான் ஜெகதீஷ். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது அவனுடைய சர்வீஸ் கடை.

"அக்கா, வைஃபை கார்டு நல்லாத்தான் இருக்கு. அதுல மாட்டியிருக்கிற ரெண்டு ஒயரையும் யாரோ தூக்கி விட்டிருக்காங்க. இதுக்கு முன்னாடி வேற கடையில எங்கயும் தெறந்தீங்களா?"

"இல்லையே தம்பி. வீட்டை விட்டு வெளிய கொண்டு போனதே இல்ல."

"அப்ப வீட்லதான் யாரோ தெறந்திருக்காங்க. ஸ்க்ரூ தலையெல்லாம் பாருங்க, மழுங்கிப் போயிருக்கு."

முடியைவிடக் கொஞ்சம் தடிமனான அந்தக் கறுப்பு ஒயர்களை அவன் குறட்டால் பிடித்து அழுத்த, 'டிக்' என்று இரண்டும் உட்கார்ந்தன. அவ்வளவுதான் வேலை. இதற்காகத்தான், வீட்டிலிருந்தே இணையத்தில் வேலை பார்க்கும் அனுசியா ஒன்றரை மாதமாகச் சம்பளமில்லா விடுப்பில் இருந்தாள். திங்கட்கிழமை காலையில் அவள் வேலைக்குத் திரும்பாவிட்டால் சென்னைக் கம்பெனி அவள் பெயரை எடுத்துவிடும்.

வீட்டுக்குள் போனுக்கு டவர் எடுக்காது. பழையது பழுதானதால் ஒரு ரவுட்டரையும் அவனிடமே வாங்கினாள். சிம் கார்டு போடுகிற வகை. "ஜன்னலோரமா வைங்க, எதுத்த மலை டவரைப் பிடிச்சுக்கும். ஆனா கல்லுச் சுவருன்னு சொல்றீங்க. பக்கத்து ரூமைத் தாண்டாது" என்றான்.

ஜீப்புக்குக் காத்திருந்தபோது கணவனுக்கு இரண்டு முறை போன் செய்தாள். சுருளிவேல் ஏலக்காய் ஏலத்துக்காக வியாழக்கிழமை போடிக்கு இறங்கியவன். மூன்று நாள் மாமா வீட்டில் தங்குவதாகச் சொல்லியிருந்தான். இரண்டு முறையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. போடியில், நட்டநடு ஊரில், எந்த எல்லைக்கு வெளியே இருப்பான் என்று ஒரு கணம் தோன்றியது. சார்ஜ் இருக்காது என்று நினைத்துக்கொண்டாள். ஜீப் மலை வளைவுகளில் ஏற ஏற அந்த மழுங்கிய ஸ்க்ரூ தலைகள்தான் மனதில் சுற்றின. வீட்டில் இருப்பது அவளும் அவனும். பகலில் வந்து துணி துவைத்து, சமையலுக்கு உதவி செய்துவிட்டுப் போகும் சோலையம்மாளுக்குக் கரண்டியைத் தவிர வேறு கருவி தெரியாது. 'மலைக் குளிருக்கு மிஷினு செத்துப்போச்சு புள்ள, விட்ரு' என்று சுருளிவேல் சொன்னதும், சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தன. அப்போது அது ஆறுதலாகத்தான் இருந்தது.

வீட்டை அடைந்தபோது மணி இரண்டு. வைகாசி மஞ்சு மூட்டம் ஏலச்செடிகளுக்குள்ளிருந்து எழுந்து வந்து ஜன்னல் கம்பிகளில் ஈரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீரையும் எங்கோ ஒரு குருவி விட்டு விட்டுக் கத்துவதையும் தவிர அந்தச் சரிவில் சத்தமே இல்லை. படுக்கையறைச் சுவருக்கு மறுபக்கம் காய் உலர்த்தும் அறை. பறிப்பு முடிந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கிறது என்றாலும், வருஷக்கணக்காய்ப் புகையும் ஏலக்காயும் ஊறிய அந்தச் சுவரிலிருந்து மழைநாளில் ஒரு வாசனை கசியும். இன்று அதோடு வேறு ஏதோ கலந்திருந்தது. வெதுவெதுப்பாக, பழகியதாக. என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்தச் சுவரோரம்தான் அவளுடைய மேசை. ரவுட்டரை ஜன்னல் திட்டில் வைத்தாள். சிவப்பு விளக்கு நெடுநேரம் விட்டு விட்டு எரிந்து, பிறகு பச்சையாக நின்றது. லேப்டாப் வலைப்பெயரைக் கண்டுபிடித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினாள். தட்டும்போது ஒவ்வொரு எழுத்தையும் எண்ணையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். சொல்லிக்கொண்டே தட்டினாள். லேப்டாப்பையும் தன் போனையும் இணைத்தாள்.

பத்து நிமிடம் அலுவலக மெயில்களைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை முயன்று பார்ப்போம் என்று வாட்ஸ்அப்பில் கணவனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்ன புள்ள?"

"என்னங்க, வீட்ல இருந்துதான் பேசுறேன். நெட்டு வந்துருச்சு!"

"சரி சரி. நல்லது." எப்படி வந்தது என்று அவன் கேட்கவில்லை.

"எங்க இருக்கீக?"

"போடி பஸ் ஸ்டாண்டுல. மாமாவை ஏத்திவிட வந்தேன்." பின்னால் ஹாரன் சத்தம். கண்டக்டர் ஒருவர், 'சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம்' என்று கத்திவிட்டு இருமினார். "நீ சாப்ட்டுட்டு செத்த படு."

பேசிக்கொண்டே, மாற்றிய பாஸ்வேர்டு சரியாக ஏறியிருக்கிறதா என்று லேப்டாப்பில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தாள். இணைந்துள்ள கருவிகள்: மூன்று.

அவள் லேப்டாப். அவள் போன். மூன்றாவது, சுருளிவேலின் போன். இணைந்து ஒன்பது நிமிடம். சிக்னல் முழு அளவு.

பழைய போன் எதையாவது வீட்டில் விட்டுப் போயிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் பாஸ்வேர்டு வைத்தே கால் மணி நேரம்தான் ஆகிறது. இந்த உலகத்தில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"என்ன புள்ள, சத்தத்தையே காணோம்?"

ஹாரன். 'சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம்.' இருமல்.

அதே இருமல்.

மூன்றாவது பெயருக்கு எதிரில் 'தடை செய்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள்.

"வெரசா சாப்ட்டுட்டு ப—"

அழைப்பு அறுந்தது.

மஞ்சு ஜன்னலுக்குள் வந்து மேசை விளிம்பைத் தொட்டது. அவள் மூச்சு விடும் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. தடையை நீக்கினாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினாள். இருபதில் போன் மின்னியது. அவன்தான்.

"பஸ் ஸ்டாண்டுல டவரு சரியில்ல புள்ள."

பக்கத்து ரூமைத் தாண்டாது என்று ஜெகதீஷ் சொல்லியிருந்தான். பக்கத்து ரூம் என்று சுவருக்கு அப்பால் அந்த உலர்த்தும் அறை ஒன்றுதான் இருந்தது. நாலு வருஷமாக அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவள் அழுதபோதெல்லாம் கூடவே உட்கார்ந்திருந்தவன். அவளுடைய வேலையை அறுத்தவன். வியாழக்கிழமை கையசைத்துவிட்டு ஜீப்பில் ஏறியவன், இந்த மூன்று நாளும் எங்கே படுத்திருந்தான்?

"படுத்துட்டியா?" என்றான்.

"படுக்கத்தாங்க போறேன்." குரல் எப்படியோ உடையாமல் வந்தது.

"போனை வைக்காத. தலைமாட்டுலயே வச்சுக்க. நீ தூங்குற வரைக்கும் கூட இருக்கேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணையில் வைத்தாள். கட்டில் கிறீச்சிடும்படி ஒரு தடவை கையால் அழுத்தி எடுத்தாள். வளையல்களைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டாள். வெறுங்காலோடு பின்வாசல் வழியாக இறங்கினாள்.

ஈரமான சருகு. குளிர்ந்த கல். பத்தடி.

உலர்த்தும் அறையின் கதவு வெளியே பூட்டியிருந்தது. புதுப் பூட்டு. எண்ணெய் போட்டுத் துடைத்த பூட்டு. ஒரு நொடி அவளுக்கு உயிர் வந்தது. வெளியே பூட்டியிருக்கிறதே, உள்ளே ஆள் இருக்க முடியாதே.

பலகைச் சந்தில் கண்ணை வைத்தாள்.

வாசனை முதலில் வந்தது. அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்.

பிறகு உருவம். சட்டையில்லாமல், படுக்கையறைச் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். ஒரு காதும் கன்னமும் சுவரில் அப்பியிருந்தன. மறு காதில் போன். பின்னால் தட்டடுக்கில் இன்னொரு சின்னப் போன், மெல்லிய குரலில் தேவாரத்துக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சுவரில் அவன் காது பட்ட இடம் வழவழப்பாகக் கறுத்திருந்தது. மூன்று நாளில் அப்படிக் கறுக்காது.

இரண்டு கயிற்றுக் கட்டில்கள். ஒன்றில் கசங்கிய போர்வை. மற்றதில் புது விரிப்பு, ஒரு சுருக்கமில்லாமல். அதன் மேல், போன வாரம் கொடியிலிருந்து காணாமல் போன அவளுடைய நைட்டி, அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டில் காலில் ஒரு இரும்பு வளையம்.

திரும்பினாள். ஓட வேண்டும்.

பின்னால் சோலையம்மாள் நின்றிருந்தாள். கையில் தூக்குவாளி. எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள், தெரியவில்லை.

"வந்துட்டியா ஆத்தா?" என்றாள், சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில். "நாளைக்குத்தான் கூட்டிட்டு வரச் சொன்னாக."

"சோலையக்கா... நீங்களா? விடுங்கக்கா, கும்புட்டுக்கிறேன்..."

நேற்று அவளுக்கு உச்சியில் எண்ணெய் தேய்த்துச் சிக்கெடுத்த கை, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. மறு கை இடுப்பிலிருந்து சாவியை எடுத்தது. அவசரமே இல்லை. பூட்டு சத்தமில்லாமல் திறந்தது.

கதவு விலகியது.

சுருளிவேல் சுவரிலிருந்து காதை எடுக்கவில்லை. கன்னம் அப்பியபடியே இருக்க, கண்கள் மட்டும் மெல்ல உருண்டு வாசலில் நிற்கும் அவள் மேல் வந்து நின்றன. அவளைப் பார்த்துக்கொண்டே, போனில், ரொம்பப் பிரியமாகக் கேட்டான்:

"தூங்கிட்டியா புள்ள?"

அரை நொடி கழித்து, சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தலையணையிலிருந்து அதே குரல் அதையே கேட்டது. அவன் காதைச் சுவரில் இன்னும் அழுத்தி, பதிலுக்குக் காத்திருந்தான்.