எட்டில் ஒரு பங்கு

பழுதுபார்க்கும் அறையின் கதவு சுவரில் மோதித் திறந்தது. உள்ளே வந்தவள் சோதனைப் பிரிவுப் பெண். வாயைத் திறந்தாலே வெடிப்பதால் தொழிற்சாலை முழுக்க அவளுக்குப் பட்டாசு என்றே பெயர். அவள் கையில் பழையது ஒன்றும் புதியது ஒன்றுமாக இரண்டு போர்டுகள் இருந்தன.

"எங்க அக்காவ வேலைய விட்டுத் தூக்கறாங்க, அண்ணே! சாயங்காலம் லெட்டர் வந்துடுமாம்!"

அக்கா இங்கே பன்னிரண்டு வருடமாக ஈயப் பற்றவைப்பு வேலை பார்ப்பவள். நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புகளின் போர்டில் சிப்பைப் பொருத்துவது அவள்தான். புதிதாகச் செய்த முப்பது பம்புகளும் ஆமை வேகத்தில் ஓடின. "உன் கைவேலை சுத்தமில்ல" என்று எஞ்சினியர் வேலைக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டார்.

பழுதுபார்ப்பவர் எதற்கும் பதறாதவர். இரண்டு போர்டுகளையும், மின்துடிப்பை அலையாகக் காட்டும் ஸ்கோப்பில் மாட்டினார். நன்றாக ஓடும் போன மாதத்துப் போர்டின் அலை திரையில் நெருக்கமாக ஏறி இறங்கியது. புதியதன் அலை சோம்பலாக நீண்டு கிடந்தது.

"ரெண்டும் ஒரே சிப், ஒரே புரோகிராம்தானே?"

"ஆமா."

"புதுசுல ஒரு துடிப்பு முடியறதுக்குள்ள பழசுல எட்டு முடியுது. இன்னும் அஞ்சாறு எடுத்துட்டு வா."

எடுத்து வந்தாள். எல்லாவற்றிலும் அதே எட்டு.

"அங்க அக்கா அழுதுக்கிட்டிருக்கா, நீங்க எண்ணிக்கிட்டிருக்கீங்க!"

"எஞ்சினியர் தன் வேலையப் பத்தி என்ன சொன்னாரு?"

"டீ ஆறுறதுக்குள்ள முப்பதுலயும் புரோகிராம் ஏத்திட்டாராம். சிப்புக்கு ஒரே பொத்தான் அமுக்காம். பீத்திக்கிட்டாரு!"

பழுதுபார்ப்பவர் சுவரில் ஒட்டியிருந்த வேலைக் குறிப்பை ஒருமுறை பார்த்தார். "எல்லாரையும் கூப்பிடு."

முதலாளி வந்தார், எஞ்சினியர் வந்தார், கண் சிவந்த அக்காவும் வந்தாள்.

"பத்தவெப்பு மோசம்னா ஒண்ணு நின்னுபோகும், ஒண்ணு திக்கும்," என்றார் பழுதுபார்ப்பவர். "முப்பதும் அச்சுப் பிசகாம எட்டு மடங்கு மெதுவா ஓடாது. இந்தச் சிப் புதுசா வரும்போதே எட்டுல ஒரு பங்கு வேகத்துலதான் வரும். புரோகிராம் ஏத்த ஒரு அமுக்கு. முழு வேகத்தத் திறந்துவிட இன்னொரு அமுக்கு. குறிப்புல ரெண்டும் இருக்கு."

பற்றவைத்த இடம் எதையும் அவர் தொடவில்லை. புதிய போர்டைக் கணினியில் இணைத்து, இரண்டாவது பொத்தானை மட்டும் அமுக்கினார். திரையில் அலை நெருங்கிப் பழையதோடு ஒத்துப் போனது.

"சின்ன விஷயம், மறந்துட்டேன்," என்றார் எஞ்சினியர். "விடுங்க."

"சின்ன விஷயமா?" பட்டாசு வெடித்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! பன்னெண்டு வருஷப் பேர நாறடிச்சுட்டு விடணுமா?"

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். எஞ்சினியர் பக்கம் திரும்பினாள். "எங்க நின்னு கத்துனீங்களோ, அங்கயே நின்னு சொல்லுங்க."

"லெட்டர் கிடையாது. அவ சொன்னபடி செய்யுங்க," என்றார் முதலாளி. கூடத்தின் நடுவில் நின்று, எஞ்சினியர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்: "தப்பு என்னுதுதான்."

"எட்டுல ஒரு பங்குதான் கேட்டுச்சு, சார்," என்றாள் பட்டாசு. "இன்னொரு அமுக்கு அமுக்கட்டுமா?"

இந்த முறை எஞ்சினியரின் குரல் கடைசி மேசை வரை கேட்டது.