ஒட்டிய கதவுகள்

டயரில் சேறு ஈரமாக இருந்தது.

சேறு இருந்ததில் ஆச்சரியமில்லை. முந்தின நாள் அதைப் பூசியவனே அவன்தான். மெல்லிய தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான்கு டயர்களிலும் பூசி, அது காய்ந்து வெளிறிப்போனதைப் பார்த்த பிறகுதான் விளக்கை அணைத்தான். இப்போது அது கருஞ்சிவப்பாக, பளபளவென்று, தொட்டால் விரலில் ஒட்டுகிற பதத்தில் இருந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான அந்த நீல நிற மாடல் காரைத் தூக்கி, லென்ஸ் வைத்த மேஜை விளக்கின் அடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தூரிகையே நுழையாத இடத்தில், சக்கரத்தின் உட்புறத்தில்கூடச் சேறு தெறித்திருந்தது. மழையில் நனைந்த மண்ணின் வாசனை வேறு. வெளியே சாயங்காலத்திலேயே இருட்டிக்கொண்டு மழை கொட்டியதால், வாசனை அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லிக்கொண்டு காரை மேஜையில் வைத்தான். ஜன்னல் சாத்தியிருந்தது.

பகலெல்லாம் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் கட்டுவது அவன் பிழைப்பு. கட்டின பல்லுக்கு அசல் பல்லின் மஞ்சளையும் கறையையும் ஏற்றத் தெரிந்த கைக்கு, பிளாஸ்டிக் காருக்குத் துருவும் கீறலும் ஏற்றுவது பெரிய வித்தையா என்ன? பெட்டியில் வரும் பாகங்களை ஒட்டி, புதுசாய்ப் பெயின்ட் அடித்து அலமாரியில் வைப்பவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம். அவன் செய்த கார், ஓடிக் களைத்த கார் மாதிரி இருக்கவேண்டும்.

இந்த நீலக் கார் அவன் மனைவியினுடையது. அதாவது, அவள் தினமும் ஓட்டுகிற வண்டியின் அச்சு அசல். அவள் பிறந்தநாளுக்குத் தருவதற்காக ரகசியமாகச் செய்துகொண்டிருந்தான். இதில் மட்டும் அவன் தன் வழக்கத்தை ஒரு படி தாண்டியிருந்தான். அசல் வண்டியின் மிதியடியை உதறி எடுத்த மண்ணையே சலித்து, குழைத்து, டயரில் பூசினான். அதன் கதவடியில் உரிந்திருந்த நீலப் பெயின்டைச் சுரண்டிப் பொடியாக்கிப் புதுப் பெயின்டில் கலந்தான். அதன் பின்சீட்டின் கிழிசலிலிருந்து உருவின நூலை, இந்தக் குட்டி சீட்டின் கிழிசலில் வைத்து ஒட்டினான். மாடல் கட்டுகிற கூட்டாளிகளுக்குப் படம் அனுப்பியபோது, "இதென்னய்யா, செய்வினை வைக்கிற மாதிரி" என்று கிண்டலடித்தார்கள். அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

அவனுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. கதவுகளைத் திறக்கிற மாதிரி வைக்கமாட்டான்; இடுக்கு தெரிந்து அழகு கெட்டுவிடும் என்று நான்கையும் அழுந்த ஒட்டிவிடுவான். உள்ளே ஆட்களை வைக்கமாட்டான். ஆள் வைத்தால் பொம்மையாகிவிடும்.

மனைவி மத்தியானமே கிளம்பிவிட்டாள். ஆறு வயது மகள், வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிறவள், லீவுக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்; அவளைக் கூட்டிவர வேண்டும். அவனும் போகவேண்டியதுதான். காரை முடித்துவிடலாம் என்ற ஆசையில் பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஊருக்கெல்லாம் பல் செட் கட்டுறவருக்குப் பல்வலியா? கேக்கவே நல்லாருக்குங்க" என்று சிரித்துவிட்டுத்தான் போனாள்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தான்.

"அப்பா! கிளம்பிட்டோம்! நான்தான் போன் பிடிச்சிருக்கேன், அம்மா ஓட்டுறாங்க."

"மழை பலமா இருக்கா கண்ணு?"

மனைவியின் குரல் முந்திக்கொண்டது. "மழையை விடுங்க. இப்போ என்னமோ ஆச்சுங்க. வண்டியை யாரோ அப்படியே தூக்கித் திருப்பிக் கீழ வச்ச மாதிரி. பெரிய பள்ளம்போல. தலை சுத்திடுச்சு எனக்கு."

"மெதுவா வாம்மா" என்றான். அதற்குமேல் அவன் யோசிக்கவில்லை. ஆனால் கை தானாகவே காரிலிருந்து விலகி மடிக்கு வந்திருந்தது.

"ஒரு எடத்துல உக்காருடி வாலு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவாத, எனக்குக் கண்ணாடியில எதுவும் தெரியல" என்று மனைவி அதட்டுவது கேட்டது.

மேஜையில் கார் இடதுபக்கம் தாழ்ந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். பின்பக்கம், இடது சக்கரத்துக்கு மேலே, உடல் கொஞ்சம் அமுங்கியிருந்தது. ஸ்பிரிங் எதுவும் இல்லாத வண்டி அது. சக்கர அச்சை அடித்தட்டோடு சேர்த்து இறுக்கியிருந்தான். அமுங்குவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடதுபக்கம் எழுந்தது. வலதுபக்கம் தாழ்ந்தது. போனில் மகள் கிளுகிளுவென்று சிரித்தாள்.

லென்ஸை இழுத்துக் காருக்கு மேலே கொண்டுவந்தான். முன்கண்ணாடியில் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். கீழே படுக்கவைத்து ஒட்டியிருந்த வைப்பர்கள் இப்போது கண்ணாடியின் நடுவில் நின்றன. அவன் கண்சிமிட்டிப் பார்த்தபோது அவை வேறு இடத்தில் நின்றன. உள்ளே இருட்டாக இருந்தது. சீட்டுகளுக்கு மேலே அந்த இருட்டு கொஞ்சம் கெட்டியாக இருந்ததுபோலப் பட்டது. பைத்தியம் பிடிக்கிறது எனக்கு, வேறொன்றுமில்லை என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே, பல் செதுக்குகிற கம்பியை எடுத்து, காரின் கூரையில் மெல்ல ஒரு தட்டு தட்டினான்.

போனில் இடி விழுந்தது.

"அம்மா!" என்று வாலு அலறினாள். "மேல என்னமோ விழுந்துச்சும்மா!"

"மரக்கிளைடா தங்கம், பயப்படாத" என்றாள் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்னங்க, இங்க மரமே இல்லீங்க. ஏரிக்கரை ரோட்டுக்கு வந்துட்டோம்."

கம்பியைக் கைநழுவ விட்டான். அது மேஜையில் உருண்டு காரை நோக்கிப் போனதைப் பார்த்து, பாய்ந்து பிடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். டேபிள் ஃபேனை நிறுத்தினான். மேஜையில் சாய்ந்திருந்த முழங்கையை எடுத்தான். தன் மூச்சே காரின்மேல் படுகிறது என்று தோன்றவே முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டான். நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் மேஜைக்குக் கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. எதையும் தொடக்கூடாது. அவர்கள் வீடு வந்து சேரும்வரை எதையுமே தொடக்கூடாது.

"ஏம்மா, ஓரமா நிறுத்திடு. மழை விட்டதும் வரலாம்."

"எங்க நிறுத்த? ரெண்டு பக்கமும் தண்ணி. பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டே வர்றான்." லாரி ஹாரன் அடிப்பது கேட்டது. "என்னங்க... ஸ்டியரிங் ஆடுது. இடதுபக்கமா இழுக்குது."

அவன் பார்த்தான். முன்பக்க இடது சக்கரம் வெளிப்புறமாகச் சாய்ந்திருந்தது.

கடைசியாகப் பெயின்டைச் சரிசெய்ய வேண்டியிருந்ததால் அதை மட்டும் அவன் ஒட்டவில்லை. அச்சின் முனைக் குச்சியில் சும்மா செருகிவைத்திருந்தான். முன்பு தூக்கிப் பார்த்தபோது நழுவியிருக்கவேண்டும். கண்ணெதிரே அது மயிரிழை மயிரிழையாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"ரொம்ப ஆடுதுங்க!"

வழக்கமான பிளாஸ்டிக் பசை பிடிக்க நேரமாகும். டிராயரை இழுத்தான். கிடைத்தது சூப்பர் க்ளூ. தொட்டவுடன் பிடிக்கும். குண்டூசி முனையில் ஒரு துளி எடுத்து, குச்சிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைத்தான். போதாதென்று இன்னொரு துளி. இன்னொன்று. விரல்நுனியால் சக்கரத்தை நேராக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அட" என்றாள் மனைவி. "நின்னுடுச்சு. நேரா போகுதுங்க."

அவனுக்கு அழுகை வந்தது. "வாம்மா, மெதுவா வா. நான் பாத்துக்கறேன்" என்று உளறினான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று அவள் கேட்கவில்லை. இனி ஒரு தூசிகூட அவர்கள்மேல் விழக்கூடாது. அலமாரியிலிருந்து கண்ணாடிப் பெட்டியை எடுத்து, கை நடுங்காமல், ஓரம் இடிக்காமல், காரின்மேல் பொத்தினாற்போலக் கவிழ்த்தான். தொட்டில் குழந்தைக்குக் கொசுவலை போட்டாற்போல இருந்தது அவனுக்கு. நாற்காலியில் சாய்ந்து, முதல்முறையாக முழு மூச்சு விட்டான்.

காட்டமான ஒரு நெடி மூக்கில் ஏறியது.

"மழை விட்டுடுச்சுங்க" என்றாள் மனைவி. "பனி இறங்குது போல."

அவன் நிமிர்ந்தான்.

"என்ன பனி?"

"தெரியல. கண்ணாடியெல்லாம் வெள்ளையாகுது. வைப்பர் போட்டாலும் போகல. உள்பக்கம்தான் போல... வாலு, துணி எடுத்துத் துடைடா."

கூட்டாளிகளில் யார் புதிதாக வந்தாலும் அவன் முதலில் சொல்கிற பாடம் அது. சூப்பர் க்ளூ வைத்துவிட்டு மூடிவைக்காதீர்கள். அதன் ஆவி வெளியே போகமுடியாமல் சுற்றிச் சுற்றி வந்து கண்ணாடிப் பாகத்தின்மேல் படியும். வெள்ளையாகப் பூத்துவிடும். பிறகு தலைகீழாக நின்றாலும் துடைக்க முடியாது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான்! 'ஒட்டினா மூடாத, மூடினா ஒட்டாத' என்று பாட்டாகவே பாடியிருக்கிறான்.

பெட்டியைப் பிடுங்கி எறிந்தான். அது சுவரில் மோதி உடைந்தது.

முன்கண்ணாடி பாதி வெளுத்திருந்தது. அடியிலிருந்து வெண்மை ஏறிக்கொண்டிருந்தது. நெடி இப்போது காருக்குள்ளிருந்து வந்தது.

"கண்ணு எரியுதுப்பா" என்று வாலு அழுதாள்.

"ஜன்னலை இறக்கு! கண்ணாடியை இறக்கும்மா!"

"இறங்கலீங்க! பட்டன் வேலை செய்யல!"

"வண்டியை நிறுத்து! கதவைத் திற!"

பிரேக் கிறீச்சிட்டது. ஹாரன். நீளமான ஹாரன். பிறகு கைகள் உலோகத்தில் அறைகிற சத்தம்.

"திறக்கல" என்றாள். அவள் அழவில்லை. இருமினாள். "நாலு கதவும் திறக்கல. ஒட்டிக்கிட்ட மாதிரி... என்னங்க..."

அழைப்பு அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டான். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

காரின் எல்லாக் கண்ணாடிகளும் வெள்ளை. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கார் இடதுபக்கமும் தாழவில்லை, வலதுபக்கமும் தாழவில்லை.

காற்று போகவேண்டும். ஒரு கதவாவது திறக்கவேண்டும். அடித்தட்டைப் பிடித்து உருவினால் வண்டியே இரண்டாகப் பிளந்துவிடும்; அதைச் செய்யமுடியாது. வெட்டத்தான் வேண்டும். கத்தியை எடுத்தான். அவனிடம் இருந்ததிலேயே மெல்லிய கத்தி அது. காருக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது அதன் அலகு கதவைவிட நீளமாக இருந்தது.

முன்னால் மனைவி. எனவே முன்கதவு வேண்டாம். பின்கதவு. எந்தப் பக்கம்? வாலு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்? ஒரு இடத்தில் உட்காருகிற பிள்ளையா அவள்?

"கண்ணு, அம்மா பின்னாடி போய் ஒட்டி உக்காந்துக்கோ" என்று யாரும் எடுக்காத போனைப் பார்த்துச் சொன்னான். அம்மா உட்கார்ந்திருப்பது வலதுபக்கம். பயந்தால் அம்மாவிடம்தான் போவாள். அப்படியென்றால் இடதுபக்கம் காலி.

இடது கையால் காரைப் பிடித்தான். எங்கோ தகரம் நெளிகிற சத்தம் கேட்டது. போனிலிருந்து அல்ல. விரல்களுக்குக் கீழே.

இடது பின்கதவின் கோட்டில் கத்திமுனையை வைத்தான். பசை கெட்டி. நன்றாகத்தான் ஒட்டியிருந்தான். அழுத்தினான். இன்னும் அழுத்தினான். பொசுக்கென்று பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்க, அலகு பாதிக்குமேல் உள்ளே இறங்கியது.

உள்ளே அது காற்றில் நிற்கவில்லை. எதிலோ பட்டு நின்றது. மெத்தென்று.

அசையாமல் இருந்தான். அழுத்தவும் முடியவில்லை, உருவவும் முடியவில்லை.

லென்ஸுக்கு அடியில், கத்திக்கு மிக அருகே, துடைக்கவே முடியாத அந்த வெள்ளையை உள்ளிருந்து ஏதோ துடைத்தது. அரிசி மணி அளவுக்குக் கண்ணாடி தெளிந்தது.

அங்கே ஒரு கை பதிந்தது. ஐந்து விரல்களையும் விரித்து. மெல்ல, கீழ்நோக்கி, கண்ணாடியோடு வழுக்கிக்கொண்டு போனது.