இப்ப விடலாம்

மூன்று வாக்கியம் பேசச் சொன்னார்கள். பேசினாள். இரண்டுதான் பதிவாகியிருந்தது.

புதிதாக வந்த எக்ஸ்ரே இயந்திரத்தில் அப்படி ஒரு வசதி. நோயாளிக்குச் சொல்ல வேண்டியதை ஒருமுறை பேசிப் பதிந்துவிட்டால் போதும், அப்புறம் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அதுவே சொல்லிக்கொள்ளும். நெஞ்சுப் படத்துக்கு மூன்றே வாக்கியம். "மூச்ச நல்லா இழுங்க." "அப்படியே பிடிங்க." "இப்ப விடலாம்." குரல் நன்றாக இருக்கிறது என்று, எல்லோரும் தலைவர் என்று கூப்பிடும் தலைமை டெக்னீஷியன் அவளையே பேசச் சொல்லியிருந்தார். போட்டுக் கேட்டபோது முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது வர வேண்டிய இடத்தில் சத்தமில்லை. அது மைக் அணைந்துபோன வெறுமையாகவும் இல்லை. யாரோ வாயை இறுக்க மூடிக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல ஒரு நிறைந்த மௌனம்.

"நாக்க வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியாம்மா?" என்றார் தலைவர். "இன்னொரு தடவ பேசு."

நான்கு தடவை பேசினாள். நான்கு தடவையும் இரண்டுதான்.

கூடப் பயிற்சிக்கு வந்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் கடுகு. ஆளும் அப்படி, பேச்சும் அப்படி. "அக்கா, மெஷினுக்கே உங்க மேல பயம். விடலாம்னு சொல்லவே மாட்டேங்குது பாருங்க."

"சரி விடு, வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரன் வரான், பாத்துக்கட்டும். அதுவரைக்கும் மூணாவத நம்ம வாயால சொல்லிக்கலாம்" என்று தலைவர் எழுந்தார். "அட, சொல்லலேன்னாதான் என்ன? சொன்னாத்தான் மூச்சு விடுவேன்னு எவனாவது நிப்பானா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் உதட்டைக் கொஞ்சம் அசைத்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அந்த அறையில் அவள் ஒருத்திதான்.

நாற்பத்தொரு வயதில் படிக்க வந்தவள் அவள். கணவன் போனபிறகு மகளோடு அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஆறு வருஷம். அண்ணி கெட்டவள் இல்லை; பாத்திரத்தைக் கொஞ்சம் அழுத்தி வைப்பாள், அவ்வளவுதான். "இந்த வயசுல பையத் தூக்கிட்டுப் படிக்கப் போற பாக்கியம் யாருக்குக் கெடைக்கும்!" என்பாள். பாராட்டா குத்தலா என்று பிரிக்க முடியாது. இரண்டு வருஷம் வகுப்பு, ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பயிற்சி. பயிற்சி முடிக்கிற இரண்டு பேரில் ஒருத்திக்கு அங்கேயே நிரந்தர வேலை. "எக்ஸ்ரேல ரெண்டு வருஷம் கை பழகட்டும், அப்புறம் சி.டி., அதுக்கப்புறம் எம்.ஆர்.ஐ. மனுஷனுக்கு எலும்புன்னு ஒண்ணு இருக்கிறவரைக்கும் நமக்கு வேலைக்குப் பஞ்சமில்ல" என்பார் தலைவர். "ஆனா பயிற்சியில ஒரே ஒரு தப்பு பேர்ல ஏறிடுச்சுன்னா எவனும் சேத்துக்க மாட்டான்."

மகள் ஒருநாள் கேட்டாள். "வேலை கெடச்சா நமக்குன்னு தனியா ஒரு கதவு இருக்குமாம்மா?"

"இருக்கும்."

"உள்பக்கம் தாழ்ப்பாளோட?"

"தாழ்ப்பாளோட."

அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் அவள் வாயைத் திறக்கவில்லை.

பல மாதத்துக்கு முன்னால், பயிற்சிக்கு வந்த மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம். வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் ஒரு பெரியவரைக் கொண்டுவந்து விட்டார்கள். ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் கேட்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ வருஷம் விளக்குத் துடைத்த கை. ஆஸ்பத்திரிச் சட்டையையும் மீறி மண்ணெண்ணெய் வாசம் லேசாக வந்தது. எழுப்பி நிறுத்தி, நெஞ்சைப் படப் பலகையில் பதித்து, தாடையை மேல் விளிம்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளிவிட்டு அவள் சொன்னாள்: "நான் சொல்றவரைக்கும் மூச்சு விடக் கூடாதுங்கய்யா."

"நாப்பது வருஷமா கேட்காரன்மா நான்" என்று சிரித்தார் அவர். "சிக்னல் வராம தொறந்ததே இல்ல."

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். இழுங்க என்றாள். பிடிங்க என்றாள். அழுத்தினாள். திரையில் படம் வந்தது. திருப்பி எடுக்கத் தேவையில்லாத அவளுடைய முதல் படம். மூச்சு நன்றாக நிறைந்த நெஞ்சில் பத்து விலா எலும்பு தெரியும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விரல் வைத்து எண்ணினாள். பத்து. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதே போன் அடித்தது. விபத்துப் பிரிவில் அவசரம், ஓடி வா என்றார் தலைவர். ஓடினாள்.

திரும்பி வரப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிவிட்டது. பெரியவர் அப்படியே நின்றிருந்தார். பலகையைக் கட்டிக்கொண்டு, கன்னம் உப்பி, கண்ணாடியில் அவள் நின்ற இடத்தையே ஓரக்கண்ணால் பார்த்தபடி.

"ஐயோ, முடிஞ்சிடுச்சுங்கய்யா, நீங்க போகலாம்."

போகலாம் என்றுதான் சொன்னாள். அவர் தலையாட்டினார். வாயைத் திறக்கவில்லை. ஆள் வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனான். ஒவ்வொரு நோயாளியும் போனபிறகு தாடை வைத்த விளிம்பில் ஆவி படிந்து ஒரு வட்டம் இருக்கும். அதைத் துடைப்பது பயிற்சிக்காரர் வேலை. துணியை எடுத்துக்கொண்டு போனாள். துடைக்க ஒன்றும் இல்லை.

ஒரு மணி நேரத்தில் அவர் போய்விட்டார். வயசு, இருதயம் என்றார் டாக்டர். டாக்டர் முன்பே எழுதிக் கொடுத்திருந்த இன்னொரு படத்தை, உயிர் போனது தெரியாமல் வார்டிலேயே யாரோ எடுத்திருந்தார்கள். மறுநாள் கோப்பில் அதைப் பார்த்தாள். உயிர் போன நெஞ்சு அடங்கிவிடும், ஆறு விலாவோ ஏழு விலாவோதான் தெரியும். எண்ணினாள். பத்து. கீழேயிருந்து மேலே எண்ணினாள். பத்து.

அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் அந்த முதல் படத்துக்கு நேரே 'அருமை' என்று எழுதித் தலைவர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடைபோல உள்ளே ஏதோ மரத்துப்போயிருந்தது. தொட்டால் வேறு யாரையோ தொடுவது மாதிரி. அன்றிலிருந்து மூன்றாவது வாக்கியத்தை அவள் ஒரு நோயாளிக்கும் மறந்ததில்லை. சிலருக்கு இரண்டு தடவை சொன்னாள். "நீ பெருமூச்சே விட மாட்டேங்கறம்மா" என்றாள் மகள் ஒருநாள். "அத்தை நாள் பூரா விட்டுட்டே இருக்காங்க."

வேலை அவளுக்கே கிடைத்தது. பதிவு தகராறு செய்த அதே வாரம், வியாழக்கிழமை மத்தியானம் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார். கடுகு முகத்தைச் சுளிக்கவில்லை. "எனக்கு வயசிருக்கு அக்கா, உங்களுக்கு வீடு வேணும்" என்று தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

தலைவர் ஒரு தாளை நீட்டினார். "பயிற்சிக் காலத்துல உன் கையால எந்த நோயாளிக்கும் பாதிப்பு வரலன்னு ஒரு கையெழுத்து. சும்மா சடங்குதான். அப்புறம் உடம்புத் தகுதிக்கு ரத்தம், கண்ணு, ஒரு நெஞ்சுப் படம். இப்பவே எடுத்துட்டுப் போயிடு."

தாளைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். ஒரே ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டாள். பேனா நகர்ந்தது அவளுக்குக் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, ஏ.சி. சத்தம்கூட.

எக்ஸ்ரே அறையில் பலகை சில்லென்று இருந்தது. "தாடைய மேல வைங்க. தோள முன்னாடி. எத்தன பேர நிக்க வச்சீங்க, இப்ப நீங்க நில்லுங்க" என்று கடுகு அவள் தோளைத் தள்ளிவிட்டுக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனாள். செருப்புச் சத்தம், நாற்காலி நகரும் சத்தம், பொத்தானின் சின்ன 'டிக்'. தலைக்கு மேலிருந்து அவளுடைய குரலே அவளிடம் பேசியது.

"மூச்ச நல்லா இழுங்க."

இழுத்தாள்.

"அப்படியே பிடிங்க."

பிடித்தாள். இயந்திரம் ஒரு கணம் ரீங்கரித்து ஓய்ந்தது.

மூன்றாவது வரவில்லை. அது வராதென்று தெரியும், கடுகு வாயால் சொல்வாள். கடுகு வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. "இதோ வரேன் சார்" என்பது கேட்டது. செருப்புச் சத்தம் தூரப் போனது. கதவு சாத்திக்கொண்டது.

பரவாயில்லை. தானே விட்டுக்கொள்ளலாம். சொன்னால்தான் மூச்சு விடுவேன் என்று எவள் நிற்பாள்?

நெஞ்சு அடங்கவில்லை.

மறுபடி முயன்றாள். விலாக்கள் விரிந்த இடத்திலேயே நின்றன. வலி இல்லை. பதற்றமும் இல்லை. இது புதிதில்லை என்பது மட்டும் மெல்ல உறைத்தது. பல மாதமாக இப்படித்தான்.

மண்ணெண்ணெய் வாசம்.

தோளில் இரண்டு கை. கடுகின் கை இல்லை. அவை அவள் தோளை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளின. பக்குவமாக, அவள் செய்வதுபோலவே. அப்புறம் நகர்ந்தன.

நாற்காலி நகரும் சத்தம்.

தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் திருப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால், அவள் உட்காரும் இடத்தில் கேட்காரர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சட்டை. உப்பிய கன்னம். இறுக மூடிய வாய். திரையில் இருந்த அவளுடைய படத்தில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு. எட்டு. ஒன்பது.

பத்து.

நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. ரயிலுக்காகக் காத்திருக்கிறவரின் முகம். எழுந்து கண்ணாடியை ஒட்டி, மூக்குப் படும்படி வந்து நின்றார். அவள் ஏதாவது சொல்வாள் என்பதுபோல.

சொல்ல மூச்சு வேண்டும்.

அவர் முகம் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. அதில் ஆவி படியவில்லை. அவள் தாடைக்குக் கீழே பலகையின் விளிம்பு, துடைத்து வைத்ததுபோலப் பளபளவென்றிருந்தது.