மூன்று மாலைகள்

நாகஜோதி மஞ்சள் பையோடு முகைதீன் வீட்டுப் படியேறியபோது காலை மணி பத்து. சரியாக அந்த நேரத்தில் தெருவில் நான்கு வீட்டுக்காரர்களுக்கு வாசல் பெருக்க வேண்டியிருந்தது. அச்சங்குளத்தில் வாக்கப்பட்டவள் சாதாரண நாளில் அலைந்து வருகிறாள் என்றால் விஷயம் இல்லாமலா?

முகைதீன் நாற்பது வருடம் காலண்டர் பைண்டிங் பட்டறை நடத்தியவர். இப்போது ஊரில் காணாமல்போன சங்கிலி, மொட்டைக் கடிதம் எல்லாம் அவரிடம்தான் வரும். பேச்சு குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க எதிர்வீட்டுப் பட்டாசு ஏஜெண்ட் மாரிசாமி இருந்தார். சீசன் இல்லாத மாதங்களில் அவருக்குத் துப்பறிவதுதான் தொழில்.

விஷயம் நடிகை கனகரேகாவைப் பற்றியது. மூன்று காதல், இரண்டு கல்யாணம், எண்பத்துமூன்று வயது. சென்னையில் சௌக்கியமாக இருக்கிறார். அவருடைய வாழ்க்கையை எழுதும் தயாபரன், புத்தகத்தை அச்சடிக்கச் சிவகாசிக்கே வந்து லாட்ஜில் தங்கியிருந்தார். அதில் 'பொய்க் காதலர்கள்' என்று ஓர் அத்தியாயம். முதல் பெயரே நாகஜோதியின் அப்பா நாகையா. மறுநாள் அச்சு.

நாகையா காலண்டர் ஓவியர். அந்தக் காலத்தில் கனகரேகாவை உட்காரவைத்து லட்சுமி வரைந்தவர். "அந்தம்மா எனக்கு மாலை போட்டாக" என்று எப்போதோ அவர் சொன்னது, நாலு தெரு தாண்டுவதற்குள் கல்யாணமாகிவிட்டது. அதில் எங்கள் தெருவின் பங்கும் கொஞ்சம் உண்டு.

"அப்பாவும் அந்தம்மாவும் மாலையோட நிக்குத போட்டோவே போலின்னு எழுதியிருக்காக, மாமா. அப்பா மூணு நாளா தூரிகையைத் தொடலை. புத்தகத்துல ஏறிட்டா அவரு வரைஞ்ச அம்புட்டுச் சாமிக்கும் மரியாதை போயிரும்" என்றாள் நாகஜோதி.

முகைதீன் படத்தை வாங்கிப் பார்த்தார். கனகரேகாவும் நாகையாவும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். பின்னால் சுவரில் அதே போன்ற மாலையோடு லட்சுமி காலண்டர் அட்டை. லட்சுமியின் மூக்கு இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்திருந்தது. லட்சுமிக்குக் கீழே கொட்டை எழுத்தில் 1968. அதற்கும் கீழே வெறும் அட்டை. புகைப்படத்தின் முதுகில் நாகையாவின் கையெழுத்தில் 3-8-1967.

மாரிசாமி லாட்ஜுக்குப் பறந்துபோய்த் தயாபரனின் வாதத்தைக் கொண்டுவந்தார். அறுபத்தேழு ஆகஸ்டில் அறுபத்தெட்டாம் வருடக் காலண்டர் எப்படித் தொங்கும்? அறுபத்தெட்டில் எடுத்தது என்றால், அந்த வருடம் முழுக்கக் கனகரேகா முதல் கணவரோடு சிங்கப்பூரில் இருந்தார். ஆகவே ஒட்டுவேலை. படத்தில் தலை மாற்றுவது நாகையாவுக்குக் கைவந்த கலைதானே?

"இதைப் பார்த்தவுக எல்லாரும் எதைப் பார்த்தாக?" என்று கேட்டார் முகைதீன்.

"கனகரேகாவைத்தான். வேற எதைப் பார்ப்பாக பாய்?"

"அதான் வினை."

சாயங்காலம் நாலு மணிக்கு நாகையா வீட்டில் எல்லோரும் கூடினார்கள். அழைக்கப்படாதவர்கள் ஜன்னலோரம் கூடினோம்.

"சார், இந்தக் காலண்டர்ல தேதி எங்க?" என்று முகைதீன் தொடங்கினார்.

தயாபரன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். தேதித் தாள் கட்டு இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது.

"வீட்டுல மாட்டுத காலண்டர் தேதி இல்லாமலா தொங்கும்? இது சாம்பிள். ஆடிப்பெருக்கு அன்னைக்குப் பூஜை போட்டு, மறுவருசத்து மாடலை வெளியிடுவாக. அதைக் காட்டித்தான் ஆர்டர் பிடிப்பாக. சர்க்கார் லீவு லிஸ்ட் வந்த பெறகுதான் தேதித் தாளை அடிச்சுக் கட்டுவோம். அந்த வருசம் ஆடி பதினெட்டு, ஆகஸ்ட் மூணு."

தயாபரன் செல்பேசியில் தேடினார். முகம் சுருங்கியது.

"போலி பண்ணுதவன் மொதல்ல வருசத்தை மறைச்சிருப்பான். இவரு மறைக்கலை. எங்க ஊருல அது தப்பா தெரியாது."

ஏன் இதைச் சொல்லவில்லை என்று தயாபரன் கேட்டதற்கு, "லாட்ஜுல உக்காந்து எழுதுனீக. எங்கிட்ட எங்க கேட்டீக?" என்றார் நாகையா.

மாரிசாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அப்ப கல்யாணம் நெசந்தான்."

"ஏலே, மாலையை எண்ணு. மூணும் ஒரே கட்டு. ஒண்ணு லட்சுமி களுத்துல. லட்சுமியையும் சேத்தா கட்டுனாரு? பூஜைக்கு வந்த விருந்தாளிக்கு ஒண்ணு, வரைஞ்சவருக்கு ஒண்ணு. அம்புட்டுத்தான்" என்றார் முகைதீன்.

ஜன்னலோரம் ஐம்பது வருடத்துக் கல்யாணம் ஒன்று சத்தமில்லாமல் ரத்தானது. தயாபரன் கையெடுத்துக் கும்பிட்டு, பெயரை நீக்கிவிடுவதாகச் சொன்னார். ஆனாலும் எழுதுகிறவர் ஆயிற்றே. அப்படியானால் காதல் ஏதும் இல்லையா என்று கேட்டார். கேட்ட கையோடு கனகரேகாவையே வீடியோவில் அழைத்து, படத்தைக் காட்டினார்.

அந்த அம்மாள் தன்னைப் பார்க்கவில்லை, நாகையாவையும் பார்க்கவில்லை. படத்தில் பின்னாலிருந்த சுவரைத்தான் பார்த்தார்.

"என் மூக்கு சாஞ்சிருக்கும். எல்லாரும் படத்துல அதை நிமிர்த்தித்தான் போட்டாங்க, என்னைக் கட்டிக்கிட்டவங்களும் சேர்த்து. அப்படியே விட்டவர் இவர் ஒருத்தர்தான். அதுக்காகத்தான் அவருக்கு நானே மாலை போட்டேன். இருக்காரா?"

நாகையா எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, செல்பேசியை வாங்கிக்கொண்டார். "நல்லாயிருக்கீகளாம்மா?" என்றபடி ஜன்னல் பக்கம் வந்தார். எங்களைப் பார்த்தார். ஜன்னலைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டார்.

ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். உள்ளே இருந்த நாகஜோதி இன்றுவரை வாய் திறக்கவில்லை. முகைதீனிடம் துப்பறியச் சொன்னோம். அது தன் வேலை இல்லை என்றுவிட்டார்.