சுண்டைக்காய் அளவு

செல்லச்சாமி செத்துக் கிடந்தான்.

உதடு நீலம் பாரித்திருந்தது. வெளியே குற்றாலத்துச் சாரல் சிலுசிலுவென்று விழ, வைத்தியர் பால்வண்ணநாதனுக்கோ வேர்த்துக் கொட்டியது.

செல்லச்சாமி மேல் அடிதடி கேஸ். அபின் மயக்கத்தில் செய்துவிட்டான் என்று பெண்டாட்டி மாடத்தி தென்காசி கோர்ட்டில் அழுத அழுகையில் மாஜிஸ்ட்ரேட் மனம் இளகிப்போனார். நாலு மாத ஜெயிலுக்குப் பதில் வைத்தியம். பழக்கத்தை விட்டால் விடுதலை.

நேற்றுத்தான் வைத்தியரிடம் வந்தான். விடிந்தால் பிணம்...

சப்-இன்ஸ்பெக்டர் ஆறுமுகநயினார் மருந்துக் கிண்ணத்தைத் தடியால் தட்டினார்.

"என்னவே குடுத்தீரு?"

"அபின்தான்..."

"அபினை விடவைக்க அபினா? உமக்குத் தூக்குதான் வே."

வைத்தியர் திக்கித் திணறி விளக்கினார். தின்று பழகியவனுக்குத் திடீரென்று நிறுத்தினால் துடித்துப்போவான். அதனால் முதல் நாள் வழக்கமான அளவு. பிறகு தினமும் கொஞ்சம் கிள்ளிக் குறைப்பார். செல்லச்சாமிக்குச் சுண்டைக்காய் அளவு வழக்கம் என்றார்கள். கொடுத்தார். பழகிய உடம்பை அது ஒன்றும் செய்யாது.

"பழகாதவன் தின்னா?"

"எந்திரிக்க மாட்டான்."

அடுத்த கட்டிலில் போர்வை அசைந்தது. அதே கோர்ட் அனுப்பிவைத்த பிச்சுமணி. இவன் நிஜமான அபின்காரன்.

"அவன் அபினைத் தொட்டதே இல்லய்யா. முழுங்கயில மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. செயிலுக்குப் பயந்து பொய் சொன்னேம்லே, காட்டிக்குடுத்திராதன்னான்."

"நீ ஏம்லே வைத்தியர்ட்ட சொல்லல?"

"எனக்கும் மருந்து குடுத்துட்டாவள்லா. சொகமா ஒறங்கிட்டேன்."

வைத்தியர் சுவரில் சாய்ந்தார். தூக்குக் கயிறு விலகியது. ஆனால்... அந்த அளவைச் சொன்னது யார்?

தகவல் கிடைத்து மாடத்தி வாசலில் வந்து நின்றாள். புருசன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அழவில்லை. கோர்ட்டில் அழுததோடு சரி.

"வைத்தியம் எப்படின்னு முன்னாடியே வந்து வெவரமா கேட்டியேம்மா." வைத்தியர் அவளிடம் வந்தார். "சுண்டைக்காய் அளவு திம்பாருன்னு நீதானே சொன்ன?"

"ஆமா."

"ஏன்?"

சேலையை விலக்கித் தோளைக் காட்டினாள். பழுக்கக் காய்ச்சிய கம்பியின் தழும்புகள், வரிவரியாக. வயிற்றில் இருந்த பிள்ளையையும் மிதித்தே கரைத்தானாம்.

"செயிலுக்குப் போனா... நாலு மாசத்துல வீட்டுக்கு வந்திருவாம்லா."

ஆறுமுகநயினார் மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"கோர்ட்டுல பொய் சொன்னதுக்கே செயில் உண்டு, தெரியுமா?"

மாடத்தி தலையாட்டினாள்.

"செயிலுக்கே அனுப்புங்கய்யா. எரக்கப்பட்டு வைத்தியத்துக்கு மட்டும் அனுப்பிராதீய."