வலிக்காத புண்ணும் இழுக்காத கயிறும்

உங்கள் முழங்கையில் இரண்டு மாதமாக ஒரு புண் இருந்து, அது கொஞ்சம்கூட வலிக்காவிட்டால், நீங்கள் கவலைப்படுவீர்களா?

பெள்ளன் கவலைப்படவில்லை. பாறைக்கொம்பை கிராமத்தில் மலைத்தேன் எடுப்பவன் அவன். அவனுக்கும் சேர்த்து இன்றைக்குக் கவலைப்பட்டவள் ரெஜினா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீசியன். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் கேம்ப் போட்டபோது அந்தப் புண்ணைச் சுரண்டி ஸ்லைடு எடுத்தவள் அவள்தான். 'ஒன்றுமில்லை' என்று எழுதியதும் அவள்தான்.

கேம்ப்பில் எடுத்து அனுப்பிய பெள்ளனின் ரத்தத்துக்கு இன்று காலை மலையடிவார ஆஸ்பத்திரியிலிருந்து அறிக்கை வந்தது. எல்லா அணுக்களும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. ரெஜினா பழைய ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, இந்த முறை அவசரப்படாமல் பார்த்தாள். அறுபத்து மூன்றாவது இடத்தில் ஒரு பெரிய செல் இருந்தது. அதன் வயிற்றுக்குள் சீரகத்தைவிட ஆயிரம் மடங்கு சின்னதாக ஏழெட்டு முட்டை வடிவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, ஒரு கோடு. மணல் ஈ கடித்துப் பரவும் ஒட்டுண்ணி.

டாக்டரை போனில் பிடித்தாள். "மண்ணீரல் வீங்கியிருக்கும். வயித்துல ஒரு இடி பட்டா உள்ளயே கிழிஞ்சிரும். ரத்தம் நிக்காது. படுக்க வச்சே கொண்டு வாங்க. ரோட்டு முனைக்கு ஆம்புலன்ஸ் அனுப்புறேன்" என்றார் அவர்.

ரெஜினா பாறைக்கொம்பைக்குப் போனபோது வீட்டில் பெள்ளனின் மனைவி மாதி மட்டும் இருந்தாள்.

"அவரு தேனுக்குப் போயிட்டாரு சிஸ்டர். கழுகுப்பாறைக்கு. என் தம்பி கெஞ்சன் கூட."

"பாறையில எப்படி இறங்குவாரு?"

"இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டுத்தான். வேற எப்படி?"

ரெஜினா விஷயத்தைச் சொன்னாள். மாதி அரிவாளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு மணி நேர ஏற்றம். உண்ணிச்செடிப் புதர் கையைக் கீறியது. ஓடையைத் தாண்டிய இடத்தில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. மாதி நின்று காற்றை முகர்ந்தாள். பிறகு மூங்கில் பக்கமாகச் சுற்றிக் கூட்டிப்போனாள். அந்தச் சுற்று அரைமணி நேரத்தைத் தின்றது.

"வயிறு இடது பக்கம் பெருசா இருக்குன்னு கேம்ப்புலயே சொன்னேன்" என்றாள் மாதி, திரும்பிப் பார்க்காமல். "தேன் குடிச்ச வயிறுன்னு சிரிச்சீங்க."

கொஞ்ச தூரம் போனபின் மாதியே கேட்டாள்.

"உடம்புக்குள்ள பூச்சி இருந்தா காய்ச்சல் வரணும், சீழ் வைக்கணும். இவருக்கு ஏன் ஒண்ணும் தெரியல?"

"ரத்தத்துல காவக்கார செல்லு உண்டு. கிருமியப் பாத்தா முழுங்கிரும். முழுங்கின உடனே, 'ஆபத்து, வாங்க'ன்னு மத்ததுக்குச் சேதி அனுப்பும். கூடவே உள்ள விஷம் காய்ச்சி கிருமியக் கொல்லும். அதுதான் வழக்கம்."

"இது?"

"இது தப்பிச்சு ஓடாது. முழுங்கட்டும்னு காத்திருக்கும். உள்ள போனதும் முதல் வேலையா அந்தச் சேதி போற வழிய அடைச்சிரும். காவக்காரன் கையாலயே அடைக்க வைக்கும். அப்புறம் விஷமும் கிடையாது, கூப்பாடும் கிடையாது. நிம்மதியா உள்ள குட்டி போடும்."

"அப்ப காவக்காரன் செத்துட்டானா?"

"சீக்கிரம் சாகவும் விடாது. குடியிருக்க வீடு வேணுமில்லா?"

மாதி ஒரு கிளையை வெட்டித் தள்ளினாள். "எங்க காட்டுக்கு முன்னாடி ஒரு வாட்ச்சர் வந்தான், இதே மாதிரி. மரம் வெட்டுறவன் அவன் வீட்டுலயே தங்கி, அவன் கையாலயே சோறு வாங்கித் தின்னான். வாட்ச்சர் ரிப்போர்ட்டுல 'காடு அமைதி'ன்னு எழுதுவான்."

ரெஜினா அதற்குச் சிரிக்கவில்லை.

கழுகுப்பாறையின் தலையில் ஏறியபோது கெஞ்சன் மட்டும் தெரிந்தான். வேங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக் கால் ஊன்றி நின்றான். அவர்களைப் பார்த்ததும் கண்ணாலேயே 'பேசாதீங்க' என்றான். ஆள் கீழே இருக்கும்போது மேலிருந்து குரல் கொடுப்பதில்லை; தேனீ கலையும். பேச்சு முழுக்கக் கயிற்றில்தான். ஒரு இழுப்பு என்றால் தளர்த்து. இரண்டு என்றால் தூக்கு. இழுப்பே இல்லையென்றால் எல்லாம் நலம், தொடாதே. கயிற்றைப் பிடிப்பவனும் யாரோ ஒருவனாக இருக்கக் கூடாது. மனைவியின் உடன்பிறந்தவனாகவே இருக்க வேண்டும். அக்கா தாலியறுத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவன் கை நழுவாது.

மாதி அவன் காதருகே போய்ச் சொன்னாள். அவன் முகம் மாறியது. ஆனால் கை மாறவில்லை.

"இழுப்பு வரலக்கா. நல்லாத்தான் இருக்காரு. நான் பாட்டுக்கு இழுத்தா பாறையில மோதுவாரு."

"கடைசியா எப்ப இழுத்தாரு?" ரெஜினா கிசுகிசுத்தாள்.

"கூடைய ஏத்தினப்ப. வெயில் அந்த மரத்துக்கிட்ட இருந்துச்சு."

மரத்தின் நிழல் இப்போது நான்கு முழம் நகர்ந்திருந்தது.

"இவ்வளவு நேரம் எப்பவும் சும்மா இருப்பாரா?"

"கயிறு அமைதியா இருக்கு சிஸ்டர். அமைதின்னா நல்லதுதான்."

"கேம்ப்புல நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் ரெஜினா. "நூறு இடம் பாக்கணும். பத்து இடம் பாத்தேன். அமைதியா இருந்துச்சு. ஒண்ணுமில்லன்னு எழுதிட்டேன்."

மாதி அதற்குள் விளிம்பில் குப்புறப் படுத்திருந்தாள். பாறை உள்வாங்கியிருந்ததால் பெள்ளன் தெரியவில்லை. தேனீயை விரட்டும் புகையும் கீழே இல்லை. அவள் ஒரு வேரைப் பிடித்து இரண்டு ஆள் உயரம் இறங்கினாள். அங்கே பாறையில் ஒரு வெடிப்பு. கயிறு அதற்குள் புகுந்து, கூழாங்கல் ஒன்று ஆப்புப்போல் இறுக்கியதில் மாட்டியிருந்தது.

வெடிப்புக்கு மேலே கயிறு அசையவில்லை. வெடிப்புக்குக் கீழே கயிறு துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு. இரண்டு. மறுபடி இரண்டு.

"கெஞ்சா, கால ஊணு" என்றாள் மாதி. வழக்கத்தை மீறிச் சத்தமாகவே சொன்னாள். "கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. உனக்குத்தான் கேக்கல."

அரிவாள் மூக்கால் கூழாங்கல்லை நெம்பினாள். கயிறு விடுபட்டது. மேலே கெஞ்சனின் கைக்குள் அந்த இழுப்பு வந்து சேர்ந்தபோது அவன் உதட்டைக் கடித்தான். உடனே தூக்கப் போனவனை ரெஜினா தடுத்தாள்.

"கூடாது. கயிறு வயித்தச் சுத்தி இருக்கு. அப்படியே இழுத்தா அதுவே கொன்னுரும். யாராவது கீழ போய் மாத்திக் கட்டணும்."

"நான் போனா கயித்த யாரு பிடிக்கறது?"

மாதி மேலே ஏறிவந்து உபரிக் கயிற்றை எடுத்து மரத்தில் கட்டினாள்.

"அக்கா, பொம்பளைங்க பாறையில இறங்கக் கூடாது."

"உன் மாமன் கயித்த நீதான் பிடிக்கணும்னு சட்டம். பிடிச்சிக்கிட்டு நில்லு. இது மரம் பிடிக்கிற கயிறு. மரத்துக்கு நான் என்ன உறவுன்னு அப்புறம் பேசிக்கலாம்."

ரெஜினாவின் துப்பட்டாவையும் பையின் இரண்டு பட்டைகளையும் வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

பெள்ளன் ஒரு முழ அகல விளிம்பில் முதுகைப் பாறையில் சாய்த்து நின்றான். முகம் சாம்பல் நிறம். தேனீக்கள் அவன் கழுத்தில் ஊர்ந்தன.

"எவ்வளவு நேரமா இழுக்கறேன். உன் தம்பி தூங்கிட்டானா?"

"வயித்துல அடி பட்டுச்சா?"

"கண்ணு இருட்டிச்சு. தீப்பந்தம் விழுந்துருச்சு. அடி ஒண்ணும் இல்ல. நீ எதுக்கு வந்த இங்க?"

"குறுக்க பேசாத. கையத் தூக்கு."

பட்டைகளைத் தொடைக்கு அடியிலும் துப்பட்டாவை அக்குளுக்கு அடியிலும் கொடுத்து முடிந்தாள். கயிற்றை அதில் மாற்றிக் கட்டியபின்பே இடுப்புச் சுருக்கை அவிழ்த்தாள். பிறகு அவளே இரண்டு முறை இழுத்தாள்.

கெஞ்சனும் ரெஜினாவும் சாண் சாணாகத் தூக்கினார்கள். மாதி தன் கயிற்றில் பக்கத்திலேயே ஏறினாள். அவன் பாறைப் பக்கம் ஆடியபோதெல்லாம் தன் முழங்கையை அவன் வயிற்றுக்கும் கல்லுக்கும் நடுவே வைத்தாள். மூன்று முறை ஆடினான். மூன்றாவது முறை அவள் கையில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. மறு கையால் கயிற்றைப் பிடித்து ஏறினாள்.

மேலே வந்ததும் ரெஜினா நாடி பார்த்தாள். வயிற்றைத் தொடாமல் கண்ணிமையை இறக்கிப் பார்த்தாள். மூங்கிலை வெட்டித் தூளி கட்டினார்கள். கெஞ்சனும் ரெஜினாவும் சுமந்தார்கள். பாதி வழியில் பெள்ளன், "தேன் கூடை மேலயே கிடக்கு" என்றான். யாரும் திரும்பவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே ரோட்டு முனையில் ஆம்புலன்ஸ் தெரிந்தது. பெள்ளனை ஏற்றியபின் கெஞ்சன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

"கயித்த விடல சிஸ்டர். ஒரு நொடிகூட விடல. ஆனாலும் தெரியல."

"நடுவுல அடைச்சிட்டா பிடிக்கிறவன் என்ன செய்வான்" என்றாள் ரெஜினா. "பேச்சு வரலன்னா போய்ப் பாக்கணும். அவ்வளவுதான்."

அவன் தலையாட்டிவிட்டு, ஆம்புலன்ஸில் ஏறாமல் கிராமத்துப் பக்கம் நடந்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெள்ளனுக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மாதியின் கைக்கு மாவுக்கட்டு போட்டார்கள். எட்டரை மணிக்கு, பாறைக்கொம்பையிலிருந்து பதினோரு பேர் ரெஜினாவின் லேப் வாசலில் ரத்தம் கொடுக்கச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் கெஞ்சன்.