மணிமேகலையின் சுங்குடிச் சேலை

கொடியில் கிடந்த சுங்குடிச் சேலையின் முந்தானை மட்டும் விறைத்திருந்தது. துவைத்துத் துவைத்து நைந்துபோன, வெள்ளைப் புள்ளி போட்ட அரக்குச் சேலை; மற்ற இடமெல்லாம் துவண்டு தொங்க, அந்த ஓரம் மட்டும் கஞ்சி போட்டதுபோல் நின்றது. கீழே, கலங்கல் தண்ணீர் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து நாலு வயசு ஹரிணி அந்த முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர்கள் டப்பாக்களைக் கவிழ்த்து மாத்திரை தேடிய சத்தத்துக்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்த பானுப்ரியாவுக்கு, அந்தக் காட்சியைக் கண்டதும் முதலில் வந்தது பொறாமைதான். அவள் தொட்டில் கட்டாத கோயில் இல்லை. ஒன்றும் பலிக்கவில்லை. இங்கேயோ, வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியேற்றிக்கொள்ளும் பையன்களுக்கு விற்கிற புருஷன், கூட நின்று பொட்டலம் மடிக்கிற மணிமேகலை. அவள் சேலையைப் போய் இந்தப் பிள்ளை தாய்ப்பால் மாதிரிக் குடிக்கிறதே என்று வயிறு எரிந்தது.

பானுப்ரியா பிள்ளையைத் தூக்கியபோது மணிமேகலை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தச் சேலைய மட்டும் அவ கண்ணுல காட்டிராதீங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

ஏன் என்று கேட்டதற்குப் போலீஸ்காரரை மறுபடி ஓரக்கண்ணால் பார்த்துக் கையை விட்டுவிட்டாள். பானுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயிலுக்குப் போகும்போதும் தன் வாசத்தை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை பார்.

மருந்து புழங்கிய வீட்டிலிருந்து துணிமணி, பொம்மை எதுவும் பிள்ளையோடு வரக்கூடாது, குளிப்பாட்டிப் புதுத்துணி போட வேண்டும் என்பது அவள் வேலையின் பாலபாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பாள். போலீஸ்காரர்கள் மணிமேகலையை ஜீப்பில் ஏற்றிய சந்தடியில், கொடியிலிருந்து சேலையை உருவிக் கைப்பைக்குள் திணித்ததும் அவளேதான்.

ஹரிணியின் ரத்தத்திலும் அந்த மாத்திரை இருந்தது; பாலில் கலந்து கொடுத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பும்போது டாக்டர், பிள்ளைக்கு இன்னும் கொஞ்ச நாள் தூக்கம் பிடிக்காது, அழும், அழட்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்றார். அந்த ஆளாகக் காப்பகத்தில் இருக்க பானுப்ரியா தானே முன்வந்தாள்.

ஹரிணி அழுதாள். மழை பிடித்துக் கரண்ட் போய்விட்ட அந்தச் சாயங்காலம், தோல் பதனிடும் ஷெட்டுப் பக்கமிருந்து ஈரக்காற்று கொண்டுவந்த வாடையும், ஓட்டின் மேல் விடாமல் கொட்டிய தண்ணீர்ச் சத்தமும், மெழுகுவத்தி நடுங்கும்போதெல்லாம் சுவரில் வளர்ந்து குறுகிய கட்டில்களின் நிழலும் அந்தக் காப்பகத்து அறையை நிறைத்திருக்க, எல்லாவற்றுக்கும் மேலே அவள் அழுகை கேட்டது. தூக்கினால் விறைத்தாள். மடியில் வைத்தால் நழுவி இறங்கினாள். சுவரைப் பார்த்து அம்மா, அம்மா என்று கேவினாள்.

அடுத்த அறையிலிருந்து ஆயா ஜெய்தூன் பீவி, "விடு தாயி, செத்த நேரம் அழுதா ஓஞ்சிரும்" என்றாள்.

பானுப்ரியாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை கேவியது மணிமேகலைக்காக என்பதுதான் அவளைக் குடைந்தது. குளியலறைக்குப் போய், கைப்பையிலிருந்த சுங்குடிச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

அழுகை நின்றது. ஹரிணி எழுந்து வந்தாள். மடியில் ஏறினாள். முந்தானையைத் தேடிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா" என்றாள், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து.

பார்த்தாயாடி மணிமேகலை. பானுப்ரியாவுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. மழை மெல்ல வெறிக்க, ஓடு சொட்டும் சத்தத்துக்கு நடுவே சப்பும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளையின் உடம்பு தளர்ந்து மடியில் கனத்தது.

"தூங்கிருச்சா தாயி?"

"தூங்கிட்டா" என்றாள், பெருமையாக.

மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையில் நேரமானது. இன்னும் நேரமானது. குனிந்து உதட்டில் முத்தமிட்டாள். கசந்தது.

கஞ்சி கசக்காது.

கிண்ணத்துக் கலங்கல் தண்ணீர் ஞாபகம் வந்தது. பிள்ளையைத் தூங்க வைக்க மணிமேகலை முந்தானையை அந்த மாத்திரைத் தண்ணீரில்தான் நனைத்துக் கொடுத்திருக்கிறாள். போலீஸ் முன்னால் சொல்ல முடியாமல்தான் அப்படிக் கெஞ்சியிருக்கிறாள்.

கத்த வேண்டும். ஆனால் கத்தினால் ஜெய்தூன் பீவி வருவாள். பிள்ளையை மடியிலிருந்து வாங்கிக்கொள்வாள். அந்த நினைப்பில் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு மூக்கடியில் விரலை வைத்தாள். இல்லை. நெஞ்சில் காதை வைத்தாள். இல்லை. முந்தானையை இழுத்தாள். வரவில்லை.

சப்பும் சத்தம் நிற்கவில்லை.

கரண்ட் வந்தது. மூச்சு நின்றுபோன அந்த நீல உதட்டுக்குள், சேலையின் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.